தீவில் நடந்த கொலையும் நம் பயணச்சீட்டும்

தீவு ஒன்றில் ஒரு கொலை நடக்கிறது. இறந்தவர் சுற்றுலா சென்றவர். ஒரு வாரம் முழுவதும் தொலைக்காட்சி விவாதங்களில் அதே பேச்சு. கைப்பேசியைத் திறந்தால் அதே படம். அடுத்த மாதம் அந்தத் தீவுக்குச் செல்வதற்கு விமானச் சீட்டு எடுத்து வைத்திருக்கும் குடும்பத்தில் கேள்வி எழுகிறது: போகலாமா, வேண்டாமா? மூத்தவர்கள் வேண்டாம் என்கிறார்கள். கட்டிய பணம் வீணாகுமே என்று இளையவர்கள் வருந்துகிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இரு தரப்பும் கேட்கவில்லை. நடந்த குற்றம், நாம் அங்கே போனால் நமக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறது?

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. முகூர்த்தப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களின் பேச்சு, புடவையின் கரையிலும் ஜரிகையிலும் தொடங்கி, மணமக்கள் தேனிலவுக்கு எங்கே போகிறார்கள் என்பதில் முடிவதை இங்கே எந்தக் கடையிலும் கேட்கலாம். ஒரு தலைமுறைக்கு முன் அதற்கு விடை ஊட்டியாகவோ கொடைக்கானலாகவோ இருந்தது. இன்று அந்தமான், இலங்கை, மாலத்தீவு, பாலி, மொரீஷியஸ் என்று தீவுகளின் பட்டியல் நீள்கிறது. அதோடு, இந்த ஊர் இரண்டு அனுபவங்களையும் பட்டிருக்கிறது. நாடே பேசிய ஒரு கொலையின் பெயரைப் பல ஆண்டுகள் சுமந்திருக்கிறது. தீவுப் பயணம் சென்ற தன் மக்களை இழந்தும் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கேள்வியின் பாதி தெளிந்துவிடும்.

ஒரே கோயில், இரண்டு செய்திகள்

2004 செப்டம்பர் 3 அன்று, சின்ன காஞ்சிபுரத்தில் உள்ள வரதராஜப் பெருமாள் கோயில் வளாகத்திலேயே, அக்கோயிலின் மேலாளர் சங்கரராமன் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு நவம்பரில், தீபாவளியை ஒட்டி, காஞ்சி சங்கர மடத்தின் மடாதிபதி ஜெயேந்திர சரஸ்வதி இவ்வழக்கில் கைது செய்யப்பட்டபோது, காஞ்சிபுரம் என்ற பெயர் நாடெங்கும் தலைப்புச் செய்தியானது. 2013 நவம்பர் 27 அன்று புதுச்சேரி நீதிமன்றம் அவர் உட்பட 23 பேரையும் விடுவிக்கும்வரை ஒன்பது ஆண்டுகளுக்கு இந்த வழக்கு பேசப்பட்டது. வெளியூர் உறவினர்கள் எங்களைப் பார்த்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் ஊரில் என்னதான் நடக்கிறது?" என்பதாகவே இருந்தது.

அந்த நாட்களில் பெருமாளைச் சேவிக்க வந்த ஒருவருக்கு, முந்தைய ஆண்டைவிட ஆபத்து கூடியிருந்ததா? இல்லை. அது வழியில் போகிறவரைத் தாக்கிய குற்றம் அன்று. ஒரு குறிப்பிட்ட மனிதரைக் குறிவைத்தது. தரிசனத்துக்கு வந்தவருக்கும் தறியில் உட்கார்ந்திருந்தவருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து ஏதுமில்லை. ஊரில் வாழ்ந்த எங்களுக்கு இது சொல்லாமலே தெரிந்திருந்தது. தொலைவிலிருந்து செய்தியாக மட்டும் பார்த்தவர்களுக்கே ஊர் முழுவதும் இருண்டு தெரிந்தது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே கோயிலில், 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் அத்தி வரதர் வைபவம் நடந்தது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நீடித்த அந்த நாட்களில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தச் சிறிய நகரத்துக்கு வந்து சென்றார்கள். கைக்குழந்தைகளோடும் முதியவர்களோடும் பல மணி நேரம் வரிசையில் நின்றார்கள். ஜூலை 18 அன்று கூட்ட நெரிசலுக்கு நடுவே நான்கு பேர் உயிரிழந்தனர். அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை. கொலைச் செய்தி உண்டாக்கிய அச்சத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அந்த மரணங்கள் உண்டாக்கவில்லை. ஆனால், சாதாரணப் பயணி ஒருவரின் உயிருக்கு உண்மையான ஆபத்து இருந்தது 2019இன் நெரிசலில்தான். 2004இன் தலைப்புச் செய்தியில் அல்ல.

அந்தமானில் நாம் இழந்தவர்கள்

இனி தீவுக்கு வருவோம். 2014 ஜனவரி 26, குடியரசு நாள். போர்ட் பிளேருக்கு அருகே, ராஸ் தீவுக்கும் வடக்கு விரிகுடாவுக்கும் இடைப்பட்ட கடற்பகுதியில் 'அக்வா மரீன்' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகச் சுற்றுலா சென்றவர்கள். சுமார் 25 பேரை ஏற்ற வேண்டிய படகில் 45 பேருக்கு மேல் இருந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. உயிர்காப்பு அங்கிகள் போதவில்லை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஒரே நாளில் இந்த ஊரின் பல வீடுகளில் இழவு விழுந்தது. அந்த வாரத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே இன்னும் பலர் இருக்கிறார்கள்.

அதே அந்தமான் 2018 நவம்பரில் உலகச் செய்தியானது. வடக்கு சென்டினல் தீவில் சட்டவிரோதமாகக் கால்வைத்த அமெரிக்க இளைஞர் ஒருவர், அத்தீவின் பழங்குடியினரால் கொல்லப்பட்டார். பல வாரங்கள் உலக ஊடகங்கள் இதைப் பேசின. அந்தமான் போகலாமா என்று அப்போது என்னிடமே சிலர் கேட்டார்கள். ஆனால், 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அந்தத் தீவை நெருங்கவே யாருக்கும் அனுமதி கிடையாது. மீனவர்களுக்குப் பணம் கொடுத்து, இரவில், ரோந்துக்குத் தப்பிச் சென்றாலன்றி ஒரு சுற்றுலாப் பயணி அந்த ஆபத்தைச் சந்திக்கவே முடியாது. அந்தமானுக்குச் செல்லும் ஏறத்தாழ ஒவ்வொரு பயணியும் ஏறுவது படகில்தான். உலகமே பேசிய கொலை நம் பயணத்தைத் தொடவே தொடாது. வெகு சீக்கிரம் மறக்கப்பட்ட படகு விபத்தோ ஒவ்வொரு நாளும் தொடக்கூடியது.

படகு விபத்து அந்தமானோடு முடிந்ததும் அல்ல. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்த படகு 22 உயிர்களைக் கொண்டுபோனது. மூன்று இடங்களிலும் எழுந்த கேள்விகள் ஒன்றே: படகு எத்தனை பேருக்கு உரியது, எத்தனை பேர் ஏறினார்கள், அங்கி அணிந்திருந்தார்களா? ஒரே வகை மரணம் ஒரே காரணங்களோடு திரும்பத் திரும்ப நடந்தால் அதுதான் எச்சரிக்கை. ஒரு முறை நடந்து உலகை அதிரவைப்பது பெரும்பாலும் எச்சரிக்கை அல்ல.

அச்சம் எப்படிக் கணக்குப் போடுகிறது?

நம் மனம் இப்படித் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வில் இதை விளக்கினார்கள். ஒரு நிகழ்வு எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று கணிக்கும்போது நாம் எண்களைத் தேடுவதில்லை. அப்படியொரு நிகழ்வு எவ்வளவு எளிதாக நினைவுக்கு வருகிறது என்று பார்க்கிறோம். எளிதாக வருவதை அடிக்கடி நடப்பதாக எடுத்துக்கொள்கிறோம். பெயர், முகம், கடற்கரை, கண்ணீர் விடும் தாய் என்று ஒரு கொலைக்கு எல்லாமே படமாக இருக்கின்றன. சாலை விபத்தில் இறந்தவருக்குச் செய்தித்தாளின் உள்பக்கத்தில் நான்கு வரி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

எண்களைப் பார்த்தால் படம் தலைகீழாக மாறுகிறது. 2022இல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதே ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நீரில் மூழ்கி இறந்தவர்களின் எண்ணிக்கையே கொலையுண்டவர்களைவிட அதிகம். காஞ்சிபுரத்திலிருந்து அந்தமானுக்குச் செல்லும் குடும்பத்தின் பயணத்தில் ஆபத்து மிகுந்த பகுதிகளில் ஒன்று, சென்னை விமான நிலையம்வரை அவர்கள் விடியற்காலையில் வாடகைக் காரில் போகும் நெடுஞ்சாலை. அந்த ஓட்டுநர் இரவு தூங்கினாரா என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

கொலைகளுக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, கொலைக்கான காரணங்களில் முதலிடம் வகிப்பவை தகராறுகள்: 9,962 வழக்குகள். தனிப்பட்ட பகை 3,761. ஆதாயத்துக்காகச் செய்யப்பட்ட கொலைகள் 1,884. அதாவது, முன்பின் அறியாத வெளியூர்க்காரரைப் பணத்துக்காகக் கொல்வது மொத்தத்தில் சிறு பகுதி. நிலத் தகராறு, குடும்பப் பகை, பழைய கணக்கு ஆகியவையே பெரும்பகுதி. இவற்றை எல்லாம் பயணி ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்.

பெண்களைப் பொறுத்தவரை இது இன்னும் கசப்பான உண்மை. 2023இல் உலகெங்கும் ஏறத்தாழ 85,000 பெண்களும் சிறுமிகளும் வேண்டுமென்றே கொல்லப்பட்டதாகவும், அவர்களில் சுமார் 51,100 பேரைக் கொன்றவர்கள் துணைவரோ குடும்பத்தினரோதான் என்றும் ஐக்கிய நாடுகள் அவை கணக்கிட்டிருக்கிறது. வெளிநாட்டுக் கடற்கரையைக் கண்டு அஞ்சும் நாம், அந்த அச்சத்தை வீட்டின் உள்ளறையை நோக்கித் திருப்புவதில்லை.

தவறான அச்சத்துக்கு விலையும் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கர்கள் பலர் விமானத்தைத் தவிர்த்துக் காரில் நெடுந்தூரம் சென்றார்கள். அடுத்த 12 மாதங்களில் அந்த மாற்றத்தால் மட்டும் சாலையில் கூடுதலாகச் சுமார் 1,500 பேர் இறந்திருக்கலாம் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் கணக்கிட்டார். ஓர் ஆபத்துக்கு அஞ்சி ஓடியவர்கள், அதைவிடப் பெரிய ஆபத்தின் மடியில் போய் விழுந்தார்கள். அந்தமானை ரத்து செய்துவிட்டு, இரவெல்லாம் கார் ஓட்டி மலைவாசத்தலத்துக்குப் போகும் குடும்பமும் அதையேதான் செய்கிறது.

ஆபத்து இடத்திலா, ஆளிடத்திலா?

தீவுகளுக்குத் தனியாக ஒரு சங்கடம் இருக்கிறது. சென்னையில் ஒரு தெருவில் கொலை நடந்தால் அது அந்தத் தெருவின் பெயரால் அறியப்படும். தமிழ்நாட்டுக்கே போகக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. தீவுக்கோ கடல் எல்லை போட்டிருக்கிறது. ஒரு விடுதியில் நடந்த குற்றம் கடற்கரை முழுவதற்கும், பிறகு தீவு முழுவதற்கும் பெயராகிவிடுகிறது.

கரீபியக் கடலில் உள்ள அரூபா இதற்குத் தெளிவான சான்று. 2005 மே மாத இறுதியில், பள்ளிப் படிப்பை முடித்துத் தோழர்களோடு சுற்றுலா வந்த 18 வயது அமெரிக்க மாணவி அங்கே காணாமல் போனார். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் மாதக்கணக்கில் வேறு பேச்சே பேசவில்லை. விசாரணையில் அதிருப்தியுற்ற அவருடைய குடும்பத்தின் வேண்டுகோளை ஏற்று, அலபாமா மாநில ஆளுநர் பாப் ரைலி அந்தத் தீவையே புறக்கணிக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். சந்தேகத்துக்குள்ளான இளைஞர் பிடிபட்டும் விடுபட்டும் வெளியே இருந்தார். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 2010 மே 30 அன்று, அதே இளைஞர் பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் மற்றோர் இளம்பெண்ணைக் கொன்றார். 2023இல், அரூபாவில் அந்த மாணவியைக் கொன்றதும் தானே என்று ஒப்புக்கொண்டார். மக்கள் அஞ்சியது தீவுக்கு. ஆபத்தோ விமானம் ஏறி வேறொரு கண்டத்துக்குப் போயிருந்தது.

நமக்கு அருகில் 2025இல் நடந்தது மேகாலயா வழக்கு. இந்தூரிலிருந்து தேனிலவுக்குச் சென்ற தம்பதி மே மாத இறுதியில் காணாமல் போனார்கள். கணவரின் உடல் ஜூன் 2 அன்று சோரா பகுதியின் பள்ளத்தாக்கில் கண்டெடுக்கப்பட்டது. உடனே சமூக ஊடகங்களில் அந்த மாநிலமும் அதன் மக்களும் கொலைகாரர்களாகச் சித்திரிக்கப்பட்டார்கள். ஒரு வாரத்துக்குள் உத்தரப் பிரதேசத்தின் காசிப்பூரில் மனைவி பிடிபட்டார். ஆட்களை ஏற்பாடு செய்து கணவரைக் கொன்றதாகக் காவல் துறை அவர்மீது குற்றம் சாட்டியிருக்கிறது. உண்மை என்ன என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டும். ஆனால், முதல் வாரத்தில் மேகாலயாமீது வீசப்பட்ட பழிக்கு எந்த ஆதாரமும் இருக்கவில்லை என்பது தெளிவு. பரபரப்பான குற்றத்தின் முதல் வாரத்துச் செய்தியை வைத்துப் பயணத்தை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

எப்போது திட்டத்தை மாற்றத்தான் வேண்டும்?

அப்படியானால் எந்தக் குற்றச் செய்தியையும் பொருட்படுத்த வேண்டாம் என்பதா? அல்ல. நான்கு சூழ்நிலைகளில் திட்டத்தை மாற்றுவதே அறிவு.

முதலாவது, குற்றம் தனியாக இல்லாமல் தொடராக இருக்கும்போது. ஒரே கடற்கரையில், ஒரே நேரத்தில், ஒரே முறையில், முன்பின் அறியாத பயணிகள் தாக்கப்பட்டால் அங்கே ஒரு கும்பலோ ஒரு பழக்கமோ வேரூன்றியிருக்கிறது என்று பொருள். அப்போதும் தவிர்க்க வேண்டியது அந்தக் கடற்கரையைத்தான், தீவையே அல்ல.

இரண்டாவது, குற்றவாளிக்குப் பாதுகாப்பு கிடைக்கும்போது. 2011 கிறிஸ்துமஸ் நாளில், இலங்கையின் தங்காலையில் ஒரு விடுதியில் பிரிட்டனைச் சேர்ந்த நிவாரணப் பணியாளர் கொல்லப்பட்டார். முதன்மைக் குற்றவாளி, அன்றைய ஆளுங்கட்சியைச் சேர்ந்த உள்ளூர்ப் பிரதேச சபைத் தலைவர். கைதானவர்கள் பிணையில் வெளிவந்தார்கள், வழக்கு நகரவில்லை. பிரிட்டன் தொடர்ந்து அழுத்தம் கொடுத்த பிறகே விசாரணை தொடங்கி, 2014 ஜூலையில் நான்கு பேருக்கு 20 ஆண்டு கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு கொலை எந்த ஊரிலும் நடக்கலாம். அதன்பின் காவல் நிலையம் என்ன செய்கிறது என்பதே அந்த ஊரைப் பற்றிச் சொல்கிறது. பயணிக்கு முக்கியமான செய்தி முதல் நாள் தலைப்பில் இருப்பதில்லை. ஆறு மாதம் கழித்து உள்பக்கத்தில் வரும் வழக்குச் செய்தியில் இருக்கிறது.

மூன்றாவது, அரசு எச்சரிக்கும்போது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் நட்சத்திர விடுதிகளிலும் நடந்த குண்டுவெடிப்புகளில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர், அவர்களில் 40க்கும் மேற்பட்டோர் வெளிநாட்டவர், இந்தியர்களும் உண்டு. இது தனி மனிதரைக் குறிவைத்த கொலை அன்று. விடுதியில் காலை உணவு அருந்திய யாரையும் கொல்லும் நோக்கம் கொண்டது. சதிகாரர்கள் அனைவரும் பிடிபட்டார்களா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அவசியமின்றி இலங்கைக்குச் செல்ல வேண்டாம் என்று இந்திய வெளியுறவுத் துறை ஏப்ரல் 27 அன்று அறிவுறுத்தியது சரியே. ஒரு மாதம் கழித்து அதைத் தளர்த்தியதும் சரியே. முன்கூட்டியே கிடைத்த உளவுத் தகவலை அலட்சியம் செய்ததற்காக, முன்னாள் அதிபர் சிறிசேனா 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எச்சரிக்கை குறிப்பாக இருந்தால் நம் முடிவும் குறிப்பாக இருக்கலாம். 2024 அக்டோபர் 23 அன்று அமெரிக்கத் தூதரகம் அறுகம்பை பகுதியைத் தவிர்க்குமாறு தன் குடிமக்களை எச்சரித்தது. அந்த நாட்களில் அறுகம்பையை விடுத்துக் கண்டிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போவதில் முரண்பாடு ஏதுமில்லை.

நான்காவது, குற்றம் நடந்த சூழலும் நம் பயணத்தின் சூழலும் ஒன்றாக இருக்கும்போது. இதைப் பெண்களின் பொருட்டு அழுத்திச் சொல்ல வேண்டும். சராசரி எண்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் பொருந்துவதில்லை. 2018இல் கேரளத்தின் கோவளம் அருகே, சிகிச்சைக்காக வந்திருந்த லாத்வியா நாட்டுப் பெண்ணை ஏமாற்றி ஆளரவமற்ற இடத்துக்கு அழைத்துச் சென்று கொன்ற இருவருக்கு 2022 டிசம்பரில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குடும்பத்தோடு கோவளம் போகிறவருக்கு அந்தச் செய்தி பெரிதாக எதையும் மாற்றாது. தனியாகப் பயணம் செய்யும் பெண்ணுக்கு, 'வழிகாட்டுகிறேன்' என்று வலிய வருபவரை நம்பலாமா என்ற இடத்தில் அது நிச்சயமாக மாற்றும். ஆனால், பெண் என்றால் போகவே கூடாது என்று முடிப்பது, குற்றவாளி செய்ததன் தண்டனையைப் பெண்ணுக்குக் கொடுப்பதாகும். மாற வேண்டியது தங்கும் இடம், வந்து சேரும் நேரம், உடன் வரும் வாகனம். உள்ளூர்ப் பெண்கள் எந்த நேரத்தில் எந்தச் சாலையில் நடக்கிறார்கள் என்று பார்ப்பது, எந்த இணையதள மதிப்பீட்டையும்விட நம்பகமானது.

நம் அச்சத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

2018 மே மாதத்தில் இலங்கைக்கு 1,29,466 சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். குண்டுவெடிப்புக்கு அடுத்த மாதமான 2019 மே மாதத்தில் வந்தவர்கள் 37,802 பேர். 70 சதவீதத்துக்கும் மேலான வீழ்ச்சி. 2018இல் 23.3 லட்சமாக இருந்த ஆண்டு வருகை 2019இல் 19.1 லட்சமாகக் குறைந்தது. முதல் மாதத்து வீழ்ச்சி நியாயமான எச்சரிக்கையின் விளைவு. அதற்குப் பிறகும் நீண்ட தயக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் ஆட்டோ ஓட்டுநர்களும், விடுதிகளில் துணி துவைப்பவர்களும், கடற்கரையில் இளநீர் விற்பவர்களும். குண்டு வைத்தவர்களோடு அவர்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

நெசவு ஊரில் வாழ்பவனுக்கு இது எளிதில் புரியும். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி ஓட வேண்டுமானால், எங்கோ ஓர் ஊரிலிருந்து ஒரு குடும்பம் காஞ்சிபுரத்துக்கு வண்டி ஏற வேண்டும். தலைப்புச் செய்தியைப் பார்த்து அந்தக் குடும்பம் வேறு ஊருக்குத் திரும்பினால், கோர்வைக் கரை போடும் நெசவாளியின் கூலியில்தான் கை விழும். நம் ஊரை ஒரு வழக்கின் பெயரால் எடை போடாதீர்கள் என்று ஆண்டுக்கணக்கில் சொன்னவர்கள் நாம். அதே நியாயத்தை மற்ற ஊர்களுக்கும் நாம் கொடுக்க வேண்டாமா? இரக்கத்துக்காக ஆபத்துக்குள் போக வேண்டும் என்பதில்லை. ஆபத்து இல்லாத இடத்தில் அச்சத்தை மட்டும் காரணமாக்கிப் பிறர் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம் என்பதுதான்.

பயணத்துக்கு முன் செய்ய வேண்டியவை

தீவுகளில் உண்மையான சிரமங்கள் உண்டு. பெரிய மருத்துவமனை தலைநகர்த் தீவில்தான் இருக்கும். கடல் கொந்தளித்தால் படகு நிற்கும்; அன்று திரும்ப முடியாது. பழக்கமில்லாத கடலில் நீரோட்டம் எங்கே இழுக்கும் என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. கொலைச் செய்தியைப் படிக்கும் நேரத்தில் பாதியை இவற்றுக்குச் செலவிட்டால் போதும்.

விமானச் சீட்டை ரத்து செய்வதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். கொல்லப்பட்டவர் குறிவைக்கப்பட்டவரா, யாராக இருந்தாலும் கொல்லப்பட்டிருப்பாரா? இது முதல் முறையா, தொடரா? குற்றவாளி பிடிபட்டாரா, வழக்கு நகர்கிறதா? அரசு எச்சரித்திருக்கிறதா, எந்தப் பகுதிக்கு? அந்தச் சூழலில் நான் இருக்கப்போகிறேனா? ஐந்துக்கும் விடை ஆறுதலாக இருந்தால் போய்வாருங்கள். விடை தெரியாவிட்டால் இரண்டு வாரம் பொறுத்திருங்கள். முதல் வாரத்துச் செய்தி பெரும்பாலும் மாறிவிடும். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் நிபந்தனைகளைப் படியுங்கள். அச்சத்தால் ரத்து செய்யும் பயணத்துக்குப் பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை. அரசின் எச்சரிக்கை இருக்கும்போது செல்லும் பயணத்துக்குச் சில திட்டங்களில் பாதுகாப்பே இருப்பதில்லை.

அவசர எண்களை வீட்டிலேயே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். அந்தமான் உட்பட இந்தியா முழுவதற்கும் 112. இலங்கையில் காவல் துறைக்கு 119, ஆம்புலன்சுக்கு 1990. தங்கும் விடுதியின் முகவரியையும் பயணத் திட்டத்தையும் ஊரில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தீவுக்குப் போன பிறகு, படகுத் துறையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். படகில் எழுதியிருக்கும் எண்ணிக்கையையும் ஏறியிருக்கும் தலைகளையும் எண்ணிப் பாருங்கள். அதிகமாக இருந்தால் அடுத்த படகுக்குக் காத்திருங்கள். குழுத் தலைவர் முணுமுணுக்கட்டும், கட்டிய பணம் போகட்டும். அங்கி இல்லாமல் குழந்தையை ஏற்றாதீர்கள். 2014 ஜனவரியில் இந்த ஊரிலிருந்து புறப்பட்டவர்களைப் பறித்துக்கொண்டது, எந்தத் தொலைக்காட்சியும் முன்கூட்டி எச்சரிக்காத அந்த ஒரு நிமிடம்தான்.